பழைய மோட்டச்சைக்கிளின்ரை பின்பக்கத்தைப் பதிக்க (உயரம் குறைக்க) முதல்: கனபேர் விடுற பிழையள்

தங்கச்சிக்கு அப்பாவின்ரை ஹொண்டா சீடி 125 மோட்டச்சைக்கிளை ஓடவேணும் எண்டு கனநாள் ஆசை, ஆனா ஏறி இருந்தால் ரெண்டு காலும் நுனிவிரல்தான் நிலத்திலை முட்டும், சந்தியிலை நிக்கேக்கை வண்டி சரிஞ்சிடுமோ எண்ட பயம். அதாலை நான் பின் சொக்கப்சோபர் ரெண்டையும் கழட்டிப்போட்டு வேறை ஒரு சின்ன பைக்கின்ரை கட்டைச் சொக் வாங்கிப் பூட்டினன், கண்ணுக்குக் கண், அதாவது மேல் போல்ற் ஓட்டையிலை இருந்து கீழ் ஓட்டை மட்டும், 40 மில்லி கட்டை. பாக்க வடிவாத்தான் இருந்தது. மூண்டாம் நாள் அம்மாவைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு ரெயில் கடவையிலை ஏறி இறங்க பின்னாலை டக் எண்டு ஒரு சத்தம். வீட்டை வந்து மட்காட்டுக்கு உள்ளை கையை விட்டுப் பாத்தால் ரயர் தேய்ச்ச இடம் பெயின்ற் போய் மினுங்குது, பின் லைற்றுக்குப் போற வயரின்ரை தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. அது அறுந்திருந்தால் இரவிலை பின் லைற்றும் இல்லை, பிரேக் லைற்றும் இல்லை.

முதல் பிழை அதுதான். சொக் வாங்கிற ஆக்கள் அதின்ரை நீளத்தை மட்டும் பாக்கினம், முழுசா அமத்தினால் எவ்வளவுக்கு வந்து நிக்கும் எண்டு பாக்கிறேல்லை. இதுக்குப் பெரிய வேலை ஒண்டும் இல்லை, டபிள் ஸ்ராண்டிலை விட்டு ரெண்டு சொக்கையும் கழட்டுங்கோ, பின்சில்லைக் கையாலை மெதுவா மேலை தூக்குங்கோ, ரயர் மட்காட்டிலை முட்டுற இடத்திலை ஒராளைப் பிடிக்கச் சொல்லிப்போட்டு மேல் போல்ற்றுக்கும் கீழ் போல்ற்றுக்கும் இடையிலை எவ்வளவு எண்டு அளந்து எழுதி வையுங்கோ. புதுச் சொக் முழுசா அமங்கி நிக்கேக்கை இருக்கிற நீளம் அந்த அளவிலும் பார்க்க ஒரு 15 மில்லியாவது கூட இருக்கவேணும். குறைவெண்டால் அந்தச் சொக் எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் வேண்டாம். தனிய ஓடிப் பாத்திட்டு நல்லா இருக்கு எண்டு சொல்லாதேங்கோ, எங்கடை ஊரிலை பைக்கிலை ஆர் தனியப் போறது, பின்னுக்கு ஒராள், நடுவிலை பிள்ளை, இல்லாட்டி ஒரு அரிசி மூட்டை, அந்தப் பாரத்தோடை தான் பாக்கவேணும்.

ஸ்பிறிங்கை வெட்டுறது ரெண்டாவது. கிறைண்டராலை ரெண்டு சுத்தை வெட்டிவிட்டால் பதிஞ்சிடும், மெதுவாவும் இருக்கும் எண்டு கனபேர் நினைக்கினம், நடக்கிறது மற்றப் பக்கம். 16 சுத்து வேலை செய்யிற ஸ்பிறிங்கிலை 2 போனால் மிச்சம் 14, அது நூற்றுக்கு 14 அளவிலை இன்னும் விறைப்பாகுது. விறைச்சாலும் வண்டி பதிஞ்சு நிக்கிறதாலை அமங்கிறதுக்கு இடம் இல்லை, கிடங்கிலை விழுந்தவுடனை அடிச்சு நிக்கும், முதுகெலும்புக்குத்தான் அது விளங்கும். சில்லு அந்தரத்திலை நிக்கேக்கை ஸ்பிறிங் தளந்து கலகலக்கும். காஸ் வைச்சுச் சூடாக்கிப் பதிக்கிறது அதிலும் மோசம், சூடு பட்ட இரும்பின்ரை குணமே போயிடும், ஒருநாள் முறியும்.

சொக்கின்ரை கண்ணுக்கும் வண்டியின்ரை போல்ற்றுக்கும் அளவு சரிவராட்டில் தகரத்தைச் சுத்தி உள்ளுக்கை அடிக்கிறதையும் கண்டிருக்கிறன். 10 மில்லி போல்ற்றிலை 12 மில்லி கண் நிண்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது இடிச்சு இடிச்சு போல்ற்றைத் தின்னும். லேத்திலை குடுத்து அந்த இடைவெளிக்கு அளவா ஒரு புஷ் (சின்னக் குழாய்) கடையச் சொல்லுங்கோ. ஒரு பக்கம் மட்டும் புதுசு போடுறதும் கூடாது.

இனி எல்லாரும் மறக்கிற விசயம், பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் நிமிரும். இந்த அளவு வண்டியளிலை சில்லுக்குச் சில்லு 1.2, 1.3 மீற்றர்தான், பின்னுக்கு 1 அங்குலம் இறக்கினால் முழு வண்டியும் ஏறக்குறைய 1 பாகை பின்னாலை சாயும். ஒரு பாகை தானே எண்டு விட ஏலாது. ஹெட் லைற் 25 மீற்றருக்கு அங்காலை ஒண்டரை அடி மேலை போய் அடிக்கும், இரவிலை பருத்தித்துறை வீதியிலை எதிர்ப்பக்கம் சைக்கிளிலை வாற வயசுபோனவருக்கு கண் தெரியாமப் போகும். ஹான்டிலும் மெதுவா ஓடேக்கை ஒருபக்கம் விழப் பாக்கும், பின்னுக்கு ஒராளை ஏத்திக்கொண்டு பண்ணைப் பாலத்திலை கடல்காத்து குறுக்காலை அடிக்கேக்கை முன்சில்லு பாரமில்லாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். முன் ஃபோர்க் குழாயை மேலை தள்ளிச் சமப்படுத்தலாம் எண்டு பாத்தால், கன பழைய வண்டியளிலை குழாயின்ரை தலையை மேல் பிளேற்றோடை போல்ற் போட்டு இறுக்கியிருக்கும், தள்ள ஏலாது. லைற்றையாவது அண்டைக்கே திருப்பிச் சரிசெய்யுங்கோ.

செயினும் பாக்கவேணும். முன் பல்லுச்சில்லு, ஸ்விங் ஆமின்ரை (பின்சில்லைப் பிடிச்சுக்கொண்டு மேலையும் கீழையும் அசையிற கையின்ரை) போல்ற், பின் அச்சு மூண்டும் ஒரு நேர்கோட்டிலை வாற இடத்திலை தான் செயின் கூட இழுபடும், சொக்கைக் கழட்டி வைச்சிருக்கேக்கை சில்லைத் தூக்கி அந்த இடத்திலை பிடிச்சு கொஞ்சமாவது தளர்வு இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டில் பெயாரிங்கிலை அது காட்டும். பிரேக் கம்பியின்ரை தளர்வையும் அதோடை பாருங்கோ. சைட் ஸ்ராண்ட் இப்ப நீளமாப்போகும், வண்டி சரியாமல் நேர நிக்கும், ஆராவது தட்டினால் மற்றப் பக்கம் விழும். டபிள் ஸ்ராண்டிலை ஏத்த முந்தியிலும் பார்க்கப் பலம் வேணும், உயரம் குறைஞ்ச ஆளுக்காகப் பதிச்ச வண்டியை அந்த ஆளாலை ஸ்ராண்டிலை விட ஏலாமப் போனால் என்ன பிரியோசனம்.

இன்னொண்டு, 90களிலை யாழ்ப்பாணத்திலை பொருளாதாரத் தடை இருந்த நேரம் மண்ணெண்ணெய் விட்டு ஓடின வண்டியள் இப்பவும் எங்கடை ஒழுங்கையளிலை ஓடுது. எஞ்சினை எல்லாரும் பாத்துப் பாத்துச் செய்தவை, ஸ்விங் ஆம் புஷ்ஷை ஒருத்தரும் பாக்கேல்லை. சொக் கழட்டின நேரம் சில்லைப் பிடிச்சு இடம்வலமா ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் இருந்தால் அதை மாத்தாமல் வேறை ஒண்டும் செய்யாதேங்கோ.

உண்மையிலை நான் முதலே கணக்குப் பாத்திருக்க வேணும். ஓடுற ஆள் இருக்கிறது பின் அச்சுக்கு மேலை இல்லை, அதுக்கு முன்னாலை. அதாலை பின்னுக்கு 1 அங்குலம் இறக்கினாலும் சீற்றிலை முக்கால் அங்குலம் கூட முழுசாக் குறையாது. சீற் தைக்கிற ஆளிட்டைக் குடுத்து ஸ்பொஞ்சிலை 1 அங்குலம் சீவினால் அந்த 1 அங்குலம் அப்பிடியே கிடைக்கும், முன்பக்கத்து ரெண்டு ஓரத்தையும் ஒடுக்கிவிட்டால் தொடை விரியாமல் கால் இன்னும் கீழை எட்டும். லைற்றும் செயினும் ஸ்ராண்டும் இருந்தது இருந்தபடி இருக்கும். ஒரு 2 அங்குல ஸ்பொஞ்சாவது மிச்சம் விடச் சொல்லுங்கோ, இல்லாட்டில் சாவகச்சேரி போய் வர இடுப்பு நோகும்.

பழைய சொக்கையே துடைச்சு எண்ணெய் ஒழுகுதோ எண்டு பாத்துத் திருப்பிப் பூட்டியாச்சு, சீற்றைச் சீவித் தைச்சாச்சு. தங்கச்சிக்கு இப்ப ரெண்டு பாதத்திலும் முன்பாதி நல்லா ஊண்டுது, போன கிழமை அம்மாவை ஏத்திக்கொண்டு அவவே அந்த ரெயில் கடவையாலை போய் வந்தவ.