கொரோனா போனது, கால் வலு திரும்பவில்லை: வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதன்பிறகு பெரியவர்களிடம் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "வெளியே போகாதீங்க, வீட்டோட இருங்க." அப்போது அது சரியான அறிவுரை, பல உயிர்களைக் காப்பாற்றிய அறிவுரையும்கூட. ஆனால் "இனிமேல் போகலாம்" என்று அதே அழுத்தத்தோடு யாரும் சொல்லவில்லை. 2023 மே மாதம் சுகாதார அவசரநிலை விலக்கப்பட்ட பிறகும் கட்டில், நாற்காலி, டிவி என்றே நாளைக் கழிக்கும் பெரியவர்கள் ஏராளம்.

ஜப்பானில் 2020 ஏப்ரலில் 1,600 முதியவர்களிடம் இணையவழியாக விசாரித்தார்கள். ஜனவரியில் வாரத்துக்கு 245 நிமிடமாக இருந்த அவர்களின் உடல் இயக்கம், ஏப்ரலில் 180 நிமிடமாகச் சரிந்திருந்தது. மீறினால் தண்டனை என்ற கட்டாய ஊரடங்கு அங்கே இல்லை. அப்படியிருந்தும் மூன்றே மாதத்தில் கால்வாசிக்கும் மேல் போய்விட்டது. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எந்த உடற்பயிற்சியும் இல்லாத முதியவர்கள் 2019 வசந்தகாலத்தில் 27 சதவீதம். அடுத்த ஆண்டு அதே மாதங்களில் 32 சதவீதம்.

இந்த இழப்பை "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று கணக்கு எழுதிவிடுகிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2019இல் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறியவர் இன்று நான்கு படிக்கு ஒருமுறை நிற்கிறார் என்றால், அதில் வயதின் பங்கு கொஞ்சம், சும்மா இருந்ததன் பங்கு அதிகமாக இருக்கலாம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்த ஆய்வு ஒன்றில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோனது. படுக்கவே வேண்டியதில்லை. இன்னொரு ஆய்வில், அன்றாட நடையை இரண்டு வாரம் கால்வாசியாகக் குறைத்ததுமே கால் தசையில் கிட்டத்தட்ட 4 சதவீதம் போயிற்று. அதோடு, சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மந்தமானது. பத்து நாளுக்கே இப்படி என்றால், மாதக்கணக்கில் அடைந்து கிடந்த கால்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் வயதால் போனது வேறு, பயன்படுத்தாததால் போனது வேறு. இரண்டாவதைப் பெருமளவு மீட்க முடியும். சராசரி வயது 90ஆக இருந்த முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், கண்காணிப்போடு நடந்ததுதான். ஆனால் அவர்களின் தொடை வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் ஆனது. "இந்த வயசுல இனிமே என்ன" என்று நாம் கைவிடும் வயதைவிட அது அதிகம்.

அடுத்த தவறு, நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்று நினைப்பது. நடப்பது நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதியவர்களை முடக்கிப்போடுவது பெரும்பாலும் கீழே விழுவதுதான். நிதானமான நடை மட்டும் விழாமல் இருக்கத் தேவையான வலுவைத் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விஷயங்கள் உண்டு: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி, குறைந்தது மூன்று நாள் வலுவோடு சமநிலையையும் வளர்க்கும் பயிற்சி. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நாம் விட்டுவிடுகிறோம்.

வலு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உங்கள் வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, முன்னும் பின்னுமாக ஒன்றிரண்டு முறை அசைந்து, ஒரு உந்தலில் எழுகிறாரா? உட்காரும்போது கடைசி நாலு விரற்கடை தூரத்தில் பொத்தென்று விழுகிறாரா? அப்படியானால் தொடைத் தசைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். அந்த நாற்காலியே போதும். சக்கரமில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து மெதுவாக எழட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி இன்னும் மெதுவாக உட்காரட்டும். இறங்கும்போதுதான் தசை நன்றாக உழைக்கிறது, அதனால் அந்த நிதானம் முக்கியம். முதலில் கை ஊன்றியே ஐந்து முறை செய்தால் போதும். சமநிலைக்கு, கனமான மேசையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி நிற்கப் பழகலாம். பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது.

விட்ட இடத்திலிருந்தே தொடங்குவதும் தவறு. முன்பு ஒரு மணி நேரம் நடந்தவர், அந்த நினைப்பிலேயே முதல் நாள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் முழங்கால் வீங்கி, "எனக்கு நடை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்றால் அதுதான். செல்போனில் வரும் இளைஞர்களுக்கான உடற்பயிற்சி வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வதும் வேண்டாம்.

கொரோனா வந்து குணமான பிறகும் களைப்பு விடாதவர்களின் விஷயம் தனி. கொஞ்சம் வேலை செய்தாலே அன்றோ மறுநாளோ அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடுகிறது என்றால், அவர்களைச் "சோம்பல்படாதீங்க" என்று விரட்டக் கூடாது. படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி அவர்களுக்குக் கெடுதலாகவே முடியலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலி, படபடப்பு, எழுந்ததும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் அப்படியே.

இனி சொல்லப்போவது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கசக்கும். ஊரடங்குக் காலத்தில் கடைக்குப் போவது, பில் கட்டுவது, துணி உலர்த்துவது என்று எல்லாவற்றையும் நாம் வாங்கிக்கொண்டோம். பாசத்தால் செய்தோம். ஆனால் அந்த வேலைகள்தான் அவர்களின் உடற்பயிற்சியாக இருந்தன, அவற்றை நாம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று எழப் போகிறவரை "நீங்க உட்காருங்கப்பா" என்று அமர்த்திவிடுகிறோம். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை எழுதல்களை அவரிடமிருந்து பறிக்கிறோம்! செய்ய முடிந்ததை அவரே செய்யட்டும், நேரமானாலும் பரவாயில்லை. விழுந்துவிடுவாரோ என்ற பயம் நமக்கும் இருக்கும், அவருக்கும் இருக்கும். பயந்து அசையாமல் இருந்தால் கால் இன்னும் தளரும், விழும் வாய்ப்பு இன்னும் கூடும். அதற்குக் குளியலறையில் பிடிமானக் கம்பி போடுங்கள், தடுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள், இரவில் நடைவழியில் விளக்கு எரியட்டும். நடையை நிறுத்துவது அதற்கு வழியல்ல.

தனியாக வாழும் பெரியவர்களை மறந்துவிடுவது கடைசித் தவறு. 2020 ஜூனில் ஜப்பான் முதியவர்கள் பொதுவாகப் பழைய அளவுக்கு நடமாடத் தொடங்கிய பிறகும், தனியாக இருந்து அக்கம்பக்கத்தோடு அதிகம் கலக்காதவர்கள் மட்டும் மீளவில்லை. இவர்களுக்கு அறிவுரையைவிடத் துணைதான் வேண்டும். பக்கத்தில் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் கூடப் போய் நடங்கள். வெளியூரில் இருந்தால் "நடந்தீங்களாம்மா?" என்று இரவில் விசாரிப்பதை விட்டு, பயிற்சி நேரத்தில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார உட்கார நீங்களும் சேர்ந்து எண்ணுங்கள்.