கார்ல கால்மாட்டுக்கு லைட் போடுறீங்களா, மொதல்ல கரண்ட் எங்கேருந்து எடுக்கறீங்கன்னு பாருங்க

சென்னை ஜிபி ரோட்ல எந்த கார் ஆக்சஸரிஸ் கடைக்குள்ள நுழைஞ்சாலும் ஃபுட்வெல் லைட், அதாவது கால் வைக்கற இடத்துல எரியற லைட் செட் தொங்கிட்டு இருக்கும், ரிமோட் வெச்சது, பாட்டுக்கு ஏத்த மாதிரி மின்னுறது, சும்மா வெள்ளையா எரியறதுன்னு. வாங்க வர்றவங்க எந்த கலர்னு அரை மணி நேரம் யோசிப்பாங்க, ஆனா கரண்ட் எங்கேருந்து எடுக்கப் போறீங்கன்னு கேட்டா "அதெல்லாம் கடைக்காரர் பாத்துப்பாரு"ன்னு சொல்லிடுவாங்க. முக்கால்வாசி வம்பு அங்கதான் ஆரம்பிக்குது.

சாவியை எடுத்தாலும் கரண்ட் ஓடிட்டே இருக்கற ஒயர்ல நேரா கொடுத்துடறது ரொம்ப சகஜமா நடக்குற தப்பு. மீட்டருக்கு 60 எல்இடி இருக்கற, 5050ன்னு சொல்ற சைஸ் எல்இடி பட்டை (ஸ்ட்ரிப்) மீட்டருக்கு 14 வாட் மாதிரி இழுக்கும், நாலு பேர் காலுக்கும் சேத்து ஒண்ணேகால் மீட்டர்னு வெச்சாலே ஒன்றரை ஆம்ப் ஆகுது. சின்ன கார்ல இருக்கறது 35 ஆம்பியர் அவர் மாதிரி பேட்டரி, அதாவது ஒரு ஆம்ப் இழுத்தா 35 மணி நேரத்துல காலி. அணைக்க மறந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல வண்டியை விட்டுட்டு போய் ரெண்டு நாள் கழிச்சு வந்தீங்கன்னா சென்ட்ரல் லாக் கூட திறக்காது. அணைச்சுட்டாலும் ரிமோட் சிக்னலுக்காக அந்த குட்டி கன்ட்ரோல் பாக்ஸ் முழிச்சிட்டேதான் இருக்கும், ஒரு வாரத்துக்கு ஒண்ணும் தெரியாது, மாசக்கணக்கா வண்டி எடுக்காம நின்னா தெரியும்.

சரி அப்போ எங்கேருந்து எடுக்கறது? கால்மாட்டு லைட்னாலே கதவு திறந்தா எரியணும்னுதான் பாதி பேருக்கு ஆசை, அதனால ரூஃப் லைட்டுக்கு போற ஒயர்லேருந்து எடுப்பாங்க, ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா நிறைய கார்ல ரூஃப் லைட்டோட ப்ளஸ் எப்பவும் உயிரோடயே இருக்கும், கதவு திறக்கறப்போ வண்டி இணைக்கறது மைனஸைத்தான். இது தெரியாம ப்ளஸை ரூஃப் லைட்லேருந்து எடுத்து மைனஸை பக்கத்துல இருக்கற போல்ட்ல பாடி எர்த் கொடுத்தா லைட் அணையவே அணையாது. ரெண்டு ஒயரையும் ரூஃப் லைட் கனெக்டர்லேருந்தே எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரோட ஒரு முனையை பாடில வெச்சு, கதவை மூடியும் திறந்தும் பாருங்க, எந்த ஒயர்ல வோல்டேஜ் மாறுதுன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இப்ப வர்ற வண்டிகள்ல இதை கன்ட்ரோல் பண்றது பாடி கன்ட்ரோல் மாட்யூல்ங்கற குட்டி கம்ப்யூட்டர், அதுக்கு தாங்கற அளவு கம்மி, நாலஞ்சு வாட்டுக்கு மேல போனா நடுவுல ஒரு ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டை போட்டு அணைக்கற சுவிட்ச்) போட்டுடுங்க. ஸ்டிரிப் கருகினா போகட்டும், மாட்யூல் போச்சுன்னா பில்லைப் பாத்து தலை சுத்தும்.

கதவு கதையே வேணாம், வண்டி ஓடும்போது மட்டும் எரிஞ்சா போதும்னா ஃபியூஸ் பாக்ஸ்ல ஏசிசி ஃபியூஸ் (சாவியை திருப்பினா மட்டும் கரண்ட் வர்றது) ஒண்ணு இருக்கற இடத்துல ஃபியூஸ் டேப்னு, அங்கேருந்து தனி ஒயர் எடுக்கற குட்டி அடாப்டரை சொருகிடுங்க, ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் ஈசியுன்னு எழுதியிருக்கற ஃபியூஸ் பக்கம் போகவே வேணாம். 3 ஆம்ப் ஃபியூஸ் போதும், கையில இருக்குன்னு 15 ஆம்ப் சொருகாதீங்க, அந்த நூலு மாதிரி ஒயர் உருகி புகை வந்தப்புறமும் ஃபியூஸ் ஜம்முனு இருக்கும்.

டேஷ்போர்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டரோ மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயரோ கண்ணுல பட்டா அது ஏர்பேக். மீட்டர் வெச்சு கூட பாக்காதீங்க, அவ்வளவுதான்.

அடுத்தது, ஆறு மாசத்துலயே ஸ்டிரிப் மங்கிப் போச்சுங்கற புலம்பல். மட்டமான மால்னு எல்லாரும் கடைக்காரரைத் திட்டுவாங்க, ஆனா 12 வோல்ட்னு போட்ட ஸ்டிரிப்புக்கு வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொடுக்கறது 14 வோல்ட்டுக்கு மேல. மூணு எல்இடி ஒரு ரெசிஸ்டர்னு கோத்திருக்கறதால, அந்த ரெண்டு வோல்ட் எக்ஸ்ட்ராவும் பெரும்பாலும் ரெசிஸ்டர் மேலயே விழுது, கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல ஏறிடுது. வீட்டுக்கு போடுற ஸ்டிரிப்பை வெட்டி ஒட்டறதை விட, 9 லேருந்து 16 வோல்ட்னு போட்டிருக்கற, வண்டிக்குன்னே செஞ்ச லைட்டா வாங்கிடுங்க, இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டிம்மர் வாங்கி பாதி வெளிச்சத்துல ஓட்டுங்க.

பெடலுக்கு மேல, டேஷ்போர்டு அடியில லைட் ஒட்டறதுல விளையாடவே கூடாது. மே மாசம் மெரினா பக்கம் வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள டபுள் சைடு டேப் கோந்து இளகி ஜவ்வு மாதிரி ஆயிடும், ஸ்டிரிப் தொங்கும், அது பிரேக் பெடலுக்கு பின்னாடி போய் சிக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. டேப் ஒட்டினாலும் பரவால்ல, மேல ரெண்டு இடத்துல கேபிள் டை போட்டு டேஷ்போர்டோட கட்டுங்க. அதே வெயில்ல இன்சுலேஷன் டேப்பும் பிசுபிசுன்னு ஆகி கழண்டுக்கும், ஒயரை முறுக்கி டேப் சுத்தறதை விட்டுட்டு சால்டர் வெச்சு, சூடு காட்டினா சுருங்கி இறுக்கிக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க, "இதுவே போதும் சார்"னு சொன்னா பக்கத்துலயே நில்லுங்க.

ஜாயின்ட்டை கார்பெட்டுக்கு அடியில ஒளிச்சு வெக்கறதும் வேணாம். நம்ம ஊர்ல வருஷத்துல பத்து மாசம் ஏசி ஓடுது, டிரெயின் பைப் அடைச்சா அந்த தண்ணி நேரா முன் சீட்டு பாசஞ்சர் காலடியிலதான் வரும், மேட் ஈரமானதே பல பேருக்கு தெரியாது. டிசம்பர்ல வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருக்கறவங்களுக்கு தண்ணி எவ்வளவு ஏறும்னு தனியா சொல்ல வேணாம். செம்பு பச்சை பூத்துப்போய் லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பிக்கும், காரணம் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் டேஷையே கழட்டுவாரு. ஜாயின்ட் எல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில மேலயே இருக்கட்டும், பின் சீட்டுக்கு போறது ஜாயின்ட் இல்லாத ஒரே ஒயரா கதவோர பிளாஸ்டிக்குக்கு உள்ள போகட்டும்.

வெளிச்சம் எவ்வளவுன்னு பகல்ல கடை வாசல்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, அங்க எதுவுமே பத்தாத மாதிரிதான் இருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி தற்காலிகமா கட்டிட்டு, ராத்திரி கோவளம் தாண்டி ஈசிஆர்ல விளக்கு இல்லாத ஒரு இடத்துல ஓரமா நிறுத்திப் பாருங்க. சைடு கண்ணாடி வழியா வெளியில இருக்கற மிரரைப் பாக்கும்போது அந்த கண்ணாடில உங்க முட்டியோட பிம்பம் குறுக்க தெரிஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி, குறைச்சுடுங்க.