சட்டக் கல்லூரியில் முதல் வாரம்: முதலில் பேர் ஆக்ட் வாங்குங்கள்

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சட்டம் படிக்கச் சேர்ந்திருக்கிறீர்கள், பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, வீட்டில் இதுவரை ஒருவர்கூட வக்கீல் இல்லை என்றால் இது உங்களுக்காகத்தான். நானும் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவன். முதல் நாள் வகுப்பில் ஆங்கிலத்தைக் கேட்டு மிரண்டு, அன்று மாலையே ஒரு கைடு வாங்கிவிட்டேன். ஒரு வருடம் அதையே மனப்பாடம் செய்தேன், சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அந்த ஒரு வருடத்தை ஈடுகட்ட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் வாரத்தில் வாங்க வேண்டியது பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை எதுவும் இல்லாத வெறும் சட்ட வாசகம். காசு இல்லையென்றால் இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். சீனியர்கள் பாசத்தோடு பழைய புத்தகம் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குற்றவியல் புத்தகமாக இருந்தால் கவனம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103, ஊரெல்லாம் தெரிந்த 420 இப்போது 318. பழைய தீர்ப்புகளில் பழைய எண்தான் இருக்கும், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பழகுங்கள். ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது, அது இன்னமும் நடப்பில் இருக்கிறது.

அந்த ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவை எடுங்கள். மொத்தமாகப் படித்தால் தலை சுற்றும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதுங்கள்: சுதந்திரமான சம்மதம், ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள நபர்கள், சட்டப்படியான மறுபயன் (ஒருவர் தருவதற்குப் பதிலாக மற்றவர் தருவது), சட்டப்படியான நோக்கம். அப்புறம் உங்கள் ஊரை அதற்குள் கொண்டுவாருங்கள். அறுவடை நேரம், நெல் வியாபாரி களத்துக்கே வந்து மூட்டை இன்ன விலை என்று பேசி, ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இது ஒப்பந்தமா? யாரும் யாரையும் மிரட்டவில்லை, ஒருவர் நெல் தருகிறார், மற்றவர் பணம் தருகிறார், நெல் விற்பது குற்றமும் இல்லை. எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் கேட்காதவரை இந்தப் பிரிவும் எழுத்தைக் கேட்கவில்லை. ஆக, ஒப்பந்தம்தான். சரி, அப்பா ஊரில் இல்லாததால் தன் பங்கு நெல்லுக்குப் பேசி முடித்தது பதினேழு வயதுப் பையன் என்றால்? ஒப்பந்தம் செய்ய யாருக்குத் தகுதி என்று சொல்லும் 11-ஆவது பிரிவுக்குப் போங்கள், பிறகு மொஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்குக்குப் போங்கள். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903-இல் சொன்னது அதில்தான்.

வழக்கைப் படிக்க நான்கு கேள்வி போதும்: என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, என்ன தீர்ப்பு, ஏன். நான்காவதில்தான் உயிர் இருக்கிறது. முதல் மாதத்திலேயே பால்ஃபோர் எதிர் பால்ஃபோர் வந்துவிடும். இலங்கையில் வேலை பார்த்த கணவர், உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்கிறார், பின்னால் உறவு முறிகிறது, மனைவி வழக்குப் போடுகிறார். குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைச் சட்டத்தால் கட்டுப்படும் எண்ணத்தோடு பேசியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1919-இல் மேல்முறையீட்டில் மனைவி தோற்றார். சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்புகிறேன் என்று மாமா அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனதை நினைத்துக்கொண்டால் இந்த வழக்கு மறக்காது. ஆனால் அத்தைக்கு ஜீவனாம்சமே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம், அந்த உரிமை வேறு சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு தீர்ப்பு எது வரைக்கும் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் முக்கியம்.

ஆங்கிலம் வரவில்லையே என்று கூசாதீர்கள். வாய்தா, வக்காலத்து, தாவா, ஜாமீன், அப்பீல், குத்தகை என்று சட்டச் சொற்கள் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன. தினமும் பத்து ஆங்கிலச் சொல்லை ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். புரியாததை வகுப்பிலேயே எழுந்து தமிழில் கேளுங்கள். உங்களுக்காகக் காத்திருந்த இன்னும் பத்துப் பேர் கவனிப்பார்கள்.

முதல் வாரம் பாடமே நடக்காது, ஊருக்குப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். சான்றிதழ்களை ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

வகுப்பு இல்லாத ஒரு வேலைநாளில் முன்சீப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். பொதுவாக யாரும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். போனை அணைத்துவிட்டு, கடைசி வரிசையில், டவாலி பேர் கூப்பிட்டதும் யார் எழுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பாதி வழக்கு வரப்பும் வாய்க்காலும் பாகப்பிரிவினையுமாக இருக்கும். தஞ்சாவூர் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மதுரைக் கிளைக்கும், திருவாரூர் வழக்கு போனால் சென்னைக்கும் போவது ஏன் என்று வெளியே வந்ததும் ஒரு ஜூனியர் வக்கீலைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

சனிக்கிழமைக்கு ஒரு வேலை. 2018 பிப்ரவரி 16 அன்று வந்த காவிரித் தீர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறது. எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25 டிஎம்சி என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட 1892, 1924 ஒப்பந்தங்களைப் பற்றிய பகுதியை மட்டும் தேடிப் படியுங்கள். ஆங்கிலேயரின் மேலாதிக்கத்தில் இருந்த மைசூர் சமநிலையில் நின்று கையெழுத்துப் போடவில்லை என்று கர்நாடகம் வாதிட்டதும், நீதிமன்றம் அதை ஏற்காததும் அங்கே வரும். வாரத் தொடக்கத்தில் பென்சிலால் எழுதினீர்களே, சம்மதம் என்று, அதே கேள்விதான். எல்லாம் புரியாது. படித்து எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள், அரசியலமைப்பு வகுப்பில் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு பற்றிய 262-ஆவது உறுப்பு வரும்போது அங்கிருந்து தொடரலாம்.