வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லும் முன்

மன்னார்குடி வட்டாரத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகச் சிரிப்பு யோகா சொல்லித்தருகிறேன். காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் கிடைக்கும் பதினைந்து நிமிடம்தான் என் வகுப்பு. புதிதாகத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் என்னென்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்கிறார்கள். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் மனம் நோவது பெரும்பாலும் அங்கேதான்.

நகைச்சுவைத் துணுக்கு சொல்லித் தொடங்குவதே பலரும் செய்யும் தவறு. 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கிய மருத்துவர் மதன் கட்டாரியாவும் துணுக்குகளோடுதான் ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் நல்ல துணுக்குகள் தீர்ந்துவிட்டன. பிறகு வந்தவை ஆட்களைப் புண்படுத்தின. அதன் பின்னரே துணுக்கை விட்டுவிட்டு, உடற்பயிற்சிபோலச் சிரிக்கும் முறையைக் கண்டார். யோகா ஆசிரியையான அவருடைய மனைவி மாதுரியின் துணையோடு மூச்சுப்பயிற்சியும் சேர்ந்து, அது சிரிப்பு யோகா ஆனது.

பூங்காவுக்கு வந்த பெரியவர்களுக்கே துணுக்கு சரிப்படவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு எப்படிச் சரிப்படும்? வகுப்பில் துணுக்கு என்றால் அதற்கு ஓர் ஆள் அகப்பட வேண்டும். திக்குகிறவன், குள்ளமானவன், பட்டப்பெயர் விழுந்தவள். நகை பிறக்கும் நான்கு காரணங்களைச் சொல்லும் தொல்காப்பியம் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளிச் சிரிப்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்காமல் எல்லோரும் சேர்ந்து சிரிக்க முடியும் என்பதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அதற்கு எளிய வழிகள் உண்டு. இரண்டு கற்பனை டம்ளர்களைக் கையில் பிடித்து, பாலை மாற்றி மாற்றி ஊற்றி, கடைசியில் அண்ணாந்து குடித்துச் சிரிக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைக் கும்பகோணம் டிகிரி காபி ஆக்கிவிட்டார்கள். கற்பனை டபராவிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு 'ஆ…' என்று இழுத்து ஆற்றுவார்கள். நுரை மூக்கில் பட்டதுபோல ஒருவன் துடைத்துக்கொள்வான். அவ்வளவுதான், கூட்டமே குலுங்கும்.

அடுத்த தவறை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நின்று 'ஹோ ஹோ ஹா ஹா ஹா' என்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் துப்பட்டா முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். நான் மைக்கோடு அவள் அருகே போய், "இந்தப் பிள்ளை சிரிக்கும்வரை நாம் நிறுத்தப்போவதில்லை" என்றேன். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள். கண் நிறைந்திருந்தது. திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து மூன்று மாதமாகப் போனே இல்லை என்று வகுப்பாசிரியை பிறகு சொன்னார். அம்மாவின் நடவுக் கூலியில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பையும் ஒரே அறிவிப்போடு தொடங்குகிறேன்: சிரிக்கத் தோன்றாதவர்கள் கை மட்டும் தட்டலாம், மூச்சு மட்டும் விடலாம், வேப்பமரத்தடியில் உட்காரலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டோம். மாதவிடாய் நாளில் வயிறு வலிக்கும் பெண்பிள்ளைக்கும், ஹெர்னியா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த அறிவிப்பு ஒரு காப்பு. பலத்த சிரிப்பு ஆஸ்துமாவையும் கிளப்பிவிடக்கூடும். இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைதூக்கச் சொல்லாதீர்கள். சத்துணவு முடிந்த கையோடு வகுப்பு வைப்பதும், பங்குனி வெயிலில் மைதானத்தில் நிறுத்துவதும் கூடவே கூடாது.

சிரிப்பை மருந்தாக்கிவிடுவது இன்னொரு தவறு. 'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்பதை அப்படியே நம்பி, துயரத்தில் இருக்கும் பிள்ளையை வட்டத்துக்குள் இழுத்து நிறுத்துகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தாத்தா வைத்த தென்னந்தோப்பு ஓர் இரவில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கூரை, சோறு, அழ ஓர் இடம். அழுகைக்கு இடம் கொடுத்த பிறகு சிரிப்பு தானே வரும். எப்போது வரும் என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

பயிற்சி இறுக்கத்தைத் தளர்த்தும், கூச்சத்தைக் குறைக்கும், பக்கத்தில் இருப்பவனை நண்பனாக்கும். மனச்சோர்வுக்கு அது சிகிச்சை ஆகாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விளையாட்டுக்கும் போவதில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'செத்துப்போகலாம்போல இருக்கிறது' என்று விளையாட்டாகச் சொன்னாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி, துன்புறுத்தல் என்று தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் வாய்திறந்து சிரிப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மறுநாள் அந்தப் படமே ஒருவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும். பிரம்போடு ஓரமாக நின்று மேற்பார்வையிடுவதும் வேண்டாம். ஆசிரியரும் வட்டத்துக்குள் வந்து காபி ஆற்ற வேண்டும். காலையில் சிரிக்க வைத்துவிட்டு முதல் பாடவேளையிலேயே மதிப்பெண்ணை உரக்கப் படித்துத் தலைகுனிய வைத்தால், அடுத்த வாரம் உங்கள் சிரிப்பை ஒரு பிள்ளைகூட நம்பாது.

கடைசியாக, சிரிப்பு அடங்குமுன் மணியடித்து வகுப்புக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நிமிடம் கண்மூடி உட்கார்ந்து மூச்சு சீராகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் கண்ணை மூடாமல் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். யாருடைய நெற்றி இன்னும் சுருங்கியிருக்கிறதோ, அந்தப் பிள்ளையை மதிய இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.