கிரிட் லேஅவுட்டில் டிரான்சிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டின் தடங்களை (காலம் எனும் நெடுவரிசை, ரோ எனும் கிடைவரிசை), அதாவது கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ், கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் மதிப்புகளை, டிரான்சிஷன் மூலம் மெல்ல மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் 66-ஆம் பதிப்பிலேயே இதைத் தந்துவிட்டது. சஃபாரி 16, குரோம் 107 இரண்டும் 2022-இல் சேர்ந்துகொண்டன. ஆகவே "கிரிட்டை அனிமேட் செய்யவே முடியாது" என்று சொல்லும் பழைய பதில்களை இனி நம்ப வேண்டியதில்லை.

ஆனாலும் எழுதிப் பார்க்கும்போது லேஅவுட் நகராமல் சட்டென்று குதிப்பது சகஜம். பிழைச் செய்தி எதுவும் வராது. பிரவுசர் டிரான்சிஷனைத் தொடங்காமலே புதிய மதிப்புக்குப் போய்விடும். முதலில் குரோம் டெவ்டூல்ஸில் அனிமேஷன்ஸ் பேனலைத் திறந்து வையுங்கள். லேஅவுட்டை மாற்றும் பட்டனை அழுத்தியும் அங்கே எதுவும் பதிவாகவில்லை என்றால் கோளாறு கால அளவிலோ ஈஸிங்கிலோ (வேகம் கூடிக் குறையும் விதம்) இல்லை, மதிப்புகளில்தான். பதிவானால் வேகத்தை 10 சதவீதமாகக் குறைத்து, எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்க்கலாம்.

தொடக்கமும் முடிவும் ஒரே அமைப்பில் இல்லாமை

பிரவுசர் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, முதல் தடத்தை முதல் தடத்தோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிடுகிறது. எண்ணிக்கை வேறுபட்டால் அத்தோடு விட்டுவிடும். இரண்டு காலம் மூன்றாக மாறும் இடத்தில் அசைவு வராததற்குக் காரணம் இதுதான். மூன்றாவது காலம் தேவைப்படும் என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே அதை 0எஃப்ஆர் (எஃப்ஆர் என்பது மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதி வையுங்கள்: "1எஃப்ஆர் 1எஃப்ஆர் 0எஃப்ஆர்" என்பதிலிருந்து "1எஃப்ஆர் 1எஃப்ஆர் 1எஃப்ஆர்" வரை சிக்கலில்லாமல் நகரும்.

அலகும் பொருந்த வேண்டும். பிக்சலிலிருந்து பிக்சலுக்கும், எஃப்ஆரிலிருந்து எஃப்ஆருக்கும் இடைமதிப்பு உண்டு. பிக்சலுக்கும் சதவீதத்துக்கும் நடுவிலும் பிரவுசர் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் பிக்சலிலிருந்து எஃப்ஆருக்கு வழியே இல்லை. உள்ளடக்கத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யும் ஆட்டோ, மேக்ஸ்-கன்டென்ட் போன்ற சொற்களுக்கும் அப்படித்தான். சைட்பாரை "ஆட்டோ 1எஃப்ஆர்" என்று வைத்துவிட்டு "64 பிக்சல் 1எஃப்ஆர்" என்று சுருக்கப் பார்த்தால் குதிக்கும். "240 பிக்சல் 1எஃப்ஆர்" என்று எழுதினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம்: வெறும் 0 என்று எழுதினால் அது நீள அளவு, எஃப்ஆர் அல்ல. எதிரே 1எஃப்ஆர் இருந்தால் இங்கே 0எஃப்ஆர் என்றே எழுத வேண்டும். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சுருக்கும் ரிபீட்டும் அப்படியே: ஒரு பக்கம் ரிபீட்(3, 1எஃப்ஆர்), மறுபக்கம் "2எஃப்ஆர் 1எஃப்ஆர் 1எஃப்ஆர்" என்றால் எண்ணிக்கை சரியாக இருந்தும் விதிப்படி அவை பொருந்தாது. அசையப் போகும் கிரிட்டில் ரிபீட்டைத் தவிர்த்து, தடங்களை ஒவ்வொன்றாக எழுதிவிடுவதே நல்லது. இடத்துக்கு ஏற்ப எண்ணிக்கையைத் தானே முடிவு செய்யும் ஆட்டோ-ஃபில், ஆட்டோ-ஃபிட் வைத்த கிரிட்டில் காலம் எண்ணிக்கை மாறும்போது டிரான்சிஷனை எதிர்பார்க்கவே வேண்டாம்.

0எஃப்ஆர் கொடுத்தும் மூடாத அக்கார்டியன்

அக்கார்டியன் என்பது அழுத்தினால் திறந்து மூடும் பகுதி. உயரம் தெரியாத உள்ளடக்கத்தை அப்படித் திறந்து மூட கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸை 0எஃப்ஆரிலிருந்து 1எஃப்ஆருக்கு மாற்றுவது அருமையான வழி. ஜாவாஸ்கிரிப்டில் உயரத்தை அளக்க வேண்டியதில்லை. மேக்ஸ்-ஹைட்டுக்கு 1000 பிக்சல் என்று குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, மூடும்போது வரும் தாமதத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கன்டெய்னருக்கு உயரம் குறிப்பிடாதபோது 1எஃப்ஆர் என்பது உள்ளடக்கத்தின் முழு உயரம், 0.5எஃப்ஆர் அதில் பாதி. அதனால்தான் இடைமதிப்புகள் சீராக வருகின்றன.

தவறு நடப்பது உள்ளே இருக்கும் பெட்டியில். எஃப்ஆர் தடத்தின் குறைந்தபட்ச அளவு இயல்பாக ஆட்டோ. அதாவது 0எஃப்ஆர் என்றாலும் உள்ளடக்கத்தின் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே தடம் இறங்காது. உள்ளே உள்ள பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ: ஹிட்டன் கொடுத்தால் இந்தக் குறைந்தபட்சம் பூஜ்யமாகிவிடும், மிச்சமும் வெட்டப்படும்.

அதைச் செய்த பிறகும் 32 பிக்சல் கீற்று ஒன்று மூடாமல் நிற்கிறதா? அந்தப் பெட்டிக்கே மேலும் கீழும் 16 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்திருப்பீர்கள். ஓவர்ஃப்ளோ பேடிங்கை மறைக்காது. பார்டரும் மார்ஜினும்கூட இப்படியே மிஞ்சி நிற்கும். எனவே மூன்று அடுக்கு வேண்டும்: வெளியே டிஸ்ப்ளே: கிரிட் உள்ள பெட்டி, நடுவில் ஓவர்ஃப்ளோ: ஹிட்டன் மட்டும் உள்ள பெட்டி, அதற்குள் பேடிங்குடன் உள்ளடக்கம். நடுப் பெட்டியில் வேறு எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது என்பதாலேயே தப்பித்துப் போவது. மூடியிருக்கும் பகுதிக்குள் உள்ள லிங்க்கும் பட்டனும் டேப் விசைக்கு இன்னும் கிடைக்கும், ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கும். கீபோர்டை மட்டும் வைத்து இயங்குபவருக்கு ஃபோகஸ் எங்கே போனது என்றே தெரியாது. மூடிய நிலையில் நடுப் பெட்டிக்கு விசிபிலிட்டி: ஹிட்டன் கொடுத்து, விசிபிலிட்டியையும் அதே கால அளவில் டிரான்சிஷனில் சேருங்கள். நடுவில் எந்தக் கணத்திலும் அது விசிபிள் ஆகவே இருக்கும்; மூடி முடிந்த பிறகுதான் மறையும். இந்த வரி இல்லாத அக்கார்டியனை வேலை முடிந்ததாகக் கணக்கில் வைக்கக் கூடாது.

கேப், எழுத்து மடிப்பு

சைட்பார் தடம் 0 பிக்சல் ஆனாலும் காலம்களுக்கு நடுவே உள்ள 24 பிக்சல் கேப் போகாது. முதன்மைப் பகுதி இடது ஓரத்தை ஒட்டாமல் காரணமில்லாமல் தள்ளி நிற்கும். கேப்பும் அனிமேட் ஆகக்கூடியதே, ஆகவே அதையும் 0 பிக்சலுக்குக் கொண்டுபோய், காலம்களுக்குக் கொடுத்த கால அளவையும் ஈஸிங்கையும் அதற்கும் கொடுங்கள்.

காலம் சுருங்கச் சுருங்க உள்ளே உள்ள பத்தி ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக மடிகிறது. இரண்டு வரி மெனு ஐந்து வரியாகி, கீழே உள்ளவை எல்லாம் துள்ளும். சைட்பாருக்குள் 240 பிக்சல் நிலையான அகலத்தில் ஒரு பெட்டியை வைத்து, வெளியே ஓவர்ஃப்ளோவை ஹிட்டன் ஆக்கினால் எழுத்து அசையாது, திரைச்சீலை மட்டும் விலகுவதுபோல் இருக்கும். ஒரு காலம் எவ்வளவு சொல்லியும் சுருங்க மறுத்தால், உள்ளே நீளமான இணைய முகவரியோ பெரிய படமோ இருக்கிறதா பாருங்கள். மின்-விட்த்: 0 கொடுத்தால் வழிக்கு வரும்.

கார்டு இடம் மாறுவதை டிரான்சிஷனிடம் கேட்பது

கிரிட்டில் டிரான்சிஷன் அசைப்பது தடங்களின் அளவைத்தான். ஒரு கார்டை வேறு கட்டத்துக்கு அனுப்பும் கிரிட்-காலம், கிரிட்-ஏரியா, கிரிட்-டெம்ப்ளேட்-ஏரியாஸ் எதற்கும் இடைநிலை கிடையாது. கார்டுகளின் வரிசையைச் சொல்லும் ஆர்டர் மதிப்பு முழு எண்ணாக மாறும், கார்டோ ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

இதற்கு ஃபிளிப் முறை இருக்கிறது: பழைய இடத்தை அளந்துகொள், லேஅவுட்டை மாற்று, புதிய இடத்தை அள, வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபார்மில் (லேஅவுட்டைத் தொடாமல் பெட்டியை நகர்த்திக் காட்டும் பண்பு) கொடுத்துப் பழைய இடத்திலேயே நிற்பதுபோல் காட்டு, பிறகு டிரான்ஸ்ஃபார்மை விடுவி. கடைசி இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் பிரவுசர் முடிவை மட்டுமே பார்க்கும், அசைவு வராது. எலிமென்ட்டின் அனிமேட் மெத்தடில் தொடக்கத்தையும் முடிவையும் நேராகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. புதிய இடத்தை அளக்கும் முன் பழைய டிரான்ஸ்ஃபார்ம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், அளவில் அதுவும் சேர்ந்துவிடும்.

வியூ டிரான்சிஷன் வசதி (குரோம் 111, சஃபாரி 18 முதல்) இந்தக் கணக்கை எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி வியூ-டிரான்சிஷன்-நேம் வேண்டும். ஒரே பெயர் இரண்டு கார்டுகளுக்கு இருந்தால் முழு அசைவும் ரத்தாகிவிடும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு லேஅவுட்

தடத்தின் அளவு மாறும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிரவுசர் லேஅவுட்டை மறுபடி கணக்கிட்டு மறுபடி வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் அதற்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். சைட்பார், அக்கார்டியன், நான்கைந்து படங்கள் உள்ள வரிசை என்றால் தாங்கும். 200 கார்டு உள்ள பக்கத்தில் விலை குறைந்த போன் திணறும். அங்கே லேஅவுட்டை ஒரே தடவையில் மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நகர்வை டிரான்ஸ்ஃபார்மிடமும் ஒபாசிட்டியிடமும் விடுங்கள்.

டிரான்சிஷன்: ஆல் என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. போனைத் திருப்பும்போது மீடியா கொயரி (திரையையும் பயனரின் அமைப்பையும் பார்த்து மாறும் விதி) மாறினால், யாரும் கேட்காத நேரத்தில் காலம்கள் ஊரும். பண்பின் பெயரைச் சொல்லி, 200 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். ஹோவர் (சுட்டி மேலே நிற்கும்போது வரும்) விதிக்குள் மட்டும் டிரான்சிஷனை எழுதினால் விரிவது மெல்ல நடக்கும், சுருங்குவது படக்கென்று நடக்கும். அடிப்படை விதியில்தான் அது இருக்க வேண்டும்.

அசைவைக் குறைக்கச் சொல்லி தன் கணினியில் அமைத்து வைத்திருப்பவருக்கு ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் மீடியா கொயரியில் இந்த டிரான்சிஷன்களை நிறுத்திவிடுங்கள். முழுத் திரை நகர்வது சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். டிரான்சிஷன் இல்லாவிட்டாலும் அக்கார்டியன் திறக்கும், சைட்பார் மூடும். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.