மதம் இல்லாமல் அறம் பேசும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு விவாதக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசிய பையனுக்கு இருபது வயது இருக்கும். நன்றாகத் தயாரித்து வந்திருந்தான். பத்தாவது நிமிடத்தில் அவன் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடம் முன்பு அதே வாக்கியத்தைச் சொல்லி மேடையில் அசடு வழிந்தவன் நான்.

கத்தாதே, எதிராளியை முட்டாள் என்று சொல்லாதே என்பதையெல்லாம் ஏற்கெனவே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மதத்தைச் சாராமல் அறம் பேசும் நம்மைப் போன்றவர்கள் மேடையில் சறுக்கும் வேறு சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அறத்தை ஆய்வு முடிவிடம் அடகு வைப்பது

அந்த வாக்கியம் இதுதான்: “எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு வரிசை கிட்டத்தட்ட 99.9 சதவீதம் ஒன்றுதான். ஆகவே எல்லாரும் சமம்.” நான் சொன்னபோதும் கைதட்டல் கிடைத்தது. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “நாளைக்கு அது 95தான் என்று கண்டுபிடித்தால், சமம் இல்லை என்று ஆகிவிடுமா தம்பி?” மைக்கைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் குடித்தேன். பதில் வரவில்லை.

ஆகாது என்பதுதான் பதில். அந்த எண் தெரிய வருவதற்கு முன்பே நான் சமத்துவத்தை ஏற்றுக்கொண்டவன். மேடையில் கம்பீரமாக இருக்கட்டும் என்று அதை ஓர் எண்ணின் தலையில் கட்டினேன், அவ்வளவுதான். ‘இப்படி இருக்கிறது’ என்று பேசிக்கொண்டே வருபவர்கள் சத்தமில்லாமல் ‘இப்படி இருக்க வேண்டும்’ என்பதற்குத் தாவிவிடுகிறார்கள் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

இந்தத் தாவலுக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தேர்ந்தெடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கருத்துக்கு 1883-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. 1927-இல், வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவள் விருப்பமில்லாமலே கருத்தடை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஒரே ஒருவர்தான் மறுத்தார். அவள் தாய், அவள், அவளுடைய கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்பது வாதம். அந்தக் குழந்தை பள்ளிக்குப் போய், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பட்டியலில் இடம்பிடித்தது.

கூட்டம் முடிந்ததும் பையனிடம் இதைச் சொன்னேன். “அது போலி அறிவியல்தானே சார்?” என்றான். எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இந்தப் பதில்தான். சரி, போலிதான். அந்தக் குழந்தை நிஜமாகவே படிப்பில் பின்தங்கியிருந்தால் அந்தக் கட்டாயக் கருத்தடை நியாயமாகிவிடுமா? ‘ஆய்வு தப்பு’ என்பதோடு நிறுத்தினால், ஆய்வு சரியாக இருந்தால் செய்யலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

இரண்டு வாக்கியமாகப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி குழந்தைகளைச் சாவிலிருந்து காக்கிறது: இது அறிவியல். குழந்தைகள் அப்படிச் சாகக் கூடாது: இது நம் நிலைப்பாடு. இரண்டாவதை எந்த ஆய்வகம் நிரூபித்தது என்று கேட்டால், எதுவும் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அடுத்தவர் வலியும் வலிதான் என்ற இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்குங்கள். அடித்து வளர்த்தால் பிள்ளை திருந்துமா என்பது போன்ற கேள்விகளுக்கு ஆய்வு தாராளமாக வரட்டும். அது அதன் வேலை.

“நரகத்துக்குப் பயந்துதான் நல்லவர்களாக இருக்கிறார்கள்”

“கடவுள் இல்லையென்றால் கொலை செய்வீர்களா?” என்று நம்மைக் கேட்டால் கோபம் வருகிறதல்லவா? மத நம்பிக்கையுள்ளவர்களைப் பார்த்து நாம் இப்படிச் சொல்வதும் அதே அவமதிப்புதான், திருப்பிப் போட்டது.

கலிலியோவோடு நின்றுவிடுவது

மதம் அறிவியலுக்கு எதிரி என்று காட்ட கலிலியோவை இழுப்போம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை 1633-இல் அவரை விசாரித்தது உண்மை. ஆனால் பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சத்தின் தொடக்கத்தை விளக்கும் பெருவெடிப்புக் கருத்துக்கு அடித்தளம் போட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அந்தக் கருத்தைக் கடவுளின் படைப்புக்கு ஆதரவாகக் காட்டிப் பேசியபோது அதை விரும்பாதவர்களில் லெமேத்ரும் ஒருவர். இந்தக் கதை தெரியாமல் மேடையேறினால் எதிராளி சொல்லிக்கொடுப்பார்.

பிளேட்டோவின் கேள்வியை வீசிவிட்டு உட்கார்ந்துவிடுவது

கடவுள் சொன்னதால் நல்லதா, நல்லது என்பதால் கடவுள் சொன்னாரா? அருமையான கேள்விதான். ‘நன்மை கடவுளின் இயல்பு’ என்ற பதிலும் ரொம்பப் பழையது. அதற்கு மறுவாதம் இல்லாமல் போகாதீர்கள்.

ஐன்ஸ்டீன் மேற்கோள்

வேண்டாம். எதிர்த்தரப்பிடமும் ஒன்று இருக்கும்.