பத்தாயிரம் அடியும் பிளாஸ்டிக் சட்டையும்: உடற்பயிற்சியில் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வருடத்துக்கு முன்பு பிள்ளைகள் எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தார்கள். அடுத்த ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு, நான் மட்டும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருப்பேன். வாட்ச் 9,412 என்று காட்டும். இன்னும் 588 அடி பாக்கி. “என்ன, நவக்கிரகம் சுத்துறீங்களா? வந்து படுங்க” என்பாள் மனைவி. பத்தாயிரத்தைத் தொடாவிட்டால் அன்றைக்கு நடந்தது மொத்தமும் வீண் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. எந்த டாக்டரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை அது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்த சூட்டோடு, 1965இல் யமாசா டோக்கெய் என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். முழு எண், வாயில் நன்றாக நிற்கிறது, விற்றது. விளம்பரத்துக்காக வைத்த பெயர் 60 வருடம் கழித்து என்னை மேஜையைச் சுற்ற வைத்தது.

பிற்பாடு ஆய்வாளர்கள் நிஜமாகவே எண்ணிப் பார்த்தார்கள். ஹார்வர்டில் ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களின் அடிகளைக் கருவி மாட்டி அளந்திருந்தார்கள். தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்கள் அடுத்த சில வருடங்களில் இறந்துபோனது 41 சதவீதம் குறைவு. 7,500 வரை பலன் ஏறியது. அதற்கு மேல் நடந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வயதானவர்களின் கணக்குதான் இது. இளவட்டங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் 3,000 அடியில் இருக்கும் ஒருவரிடம் போய்ப் பத்தாயிரம் என்று சொன்னால் என்ன ஆகும்? ‘நம்மால ஆகாதுப்பா’ என்று அவர் அந்த மூவாயிரத்தையும் விட்டுவிடுவார். அவர் நாலாயிரத்தைத் தொடுவதில்தான் பெரிய லாபமே இருக்கிறது.

2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கினார்கள். அதுவும் ஏறக்குறைய அதே பத்தாயிரம் அடிதான். முடிந்தவர் தாராளமாக முழுதும் நடக்கட்டும். இரண்டு கிலோமீட்டரில் திரும்பி வருபவரும் தலை குனிய வேண்டியதில்லை.

எண்ணைவிட வேகம் முக்கியம். பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடுத்தர வேகத்துக்கு அதுதான் அளவு. பூங்காவில் நாலு பேர் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு நிலத்தின் விலை பேசியபடி ஊர்வலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களால் பாடக்கூட முடியும்.

காலையில் ஒரு மணி நேரம், அப்புறம் நாற்காலி

எங்கள் பூங்காவுக்கு ஒருவர் தினமும் ஸ்கூட்டரில் வருவார். வீடு நடந்தால் ஏழு நிமிஷம். 40 நிமிஷம் சுற்றுவார், ஸ்கூட்டரில் திரும்புவார், இரண்டாவது மாடிக்கு லிஃப்டில் போவார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அருகதை இல்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். உடற்பயிற்சி என்பதைக் காலைக் குளியல் மாதிரி ஒரு வேலையாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது முடிந்தால் மிச்ச நாள் முழுக்க உட்கார உரிமை வந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

இந்த இடத்தில் லண்டன் பஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே நிர்வாகம், ஒரே பஸ், கிட்டத்தட்ட ஒரே மாதிரி குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க ஒரு நாளைக்கு 500, 600 படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. கண்டக்டர்களுக்கு வந்தபோதும் வயது தள்ளி, கொஞ்சம் லேசாக வந்தது. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே வருகிறார்களோ என்று மோரிஸுக்கே சந்தேகம். சீருடைக் கணக்கைப் புரட்டி எல்லோருடைய இடுப்பளவையும் பார்த்தார். டிரைவர்கள் இடுப்பு பெருத்தவர்கள்தான், சந்தேகம் சரிதான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. ஒல்லியான டிரைவருக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை, படி ஏறினார்கள், அவ்வளவுதான். (சென்னை பஸ்ஸில் கண்டக்டர் சீட்டிலேயே இருப்பார், காசுதான் கைமாறி நடந்து வரும். மோரிஸ் இங்கே வந்திருந்தால் திணறியிருப்பார்.)

முன்பெல்லாம் பத்து நிமிஷம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் நடுத்தர உழைப்பு வேண்டும், அதை எப்படிப் பிரித்தாலும் சரி. ஆகவே இரண்டு நிமிஷம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும். காய்கறி வாங்க நடந்து போய்ப் பையைத் தூக்கி வருவதும் சேரும். சர்க்கரை ஏறும் நிலையில் இருக்கும் முதியவர்களுக்கு, ஒரே மூச்சில் 45 நிமிஷம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிஷம் நடப்பது இன்னும் பொருத்தம். முக்கியமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. சாப்பிட்டதும் சோபாவில் சாய்கிற நேரம் அது.

தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்க முடியுமா?

முடியாது. 1984இல் இதற்கென்றே ஒரு சோதனை செய்தார்கள். 13 ஆண்கள், 27 நாள், ஆளுக்கு 5,004 தடவை மல்லாந்து படுத்து எழும் பயிற்சி. முடிவில் வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் கொழுப்பணுக்கள் சுருங்கியது ஒரே அளவில்தான். வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. பணத்தை எந்த ஏடிஎம்மில் எடுத்தாலும் குறைவது ஒரே கணக்கில்தானே, அந்த மாதிரி. இடுப்பைச் சுற்றி அதிரும் பெல்ட்டை வாங்கிப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் மனம் நோக வேண்டாம், ஊரில் நிறைய பேர் இருக்கிறோம்.

வியர்வையும் அப்படித்தான். காற்று புகாத பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு மே மாதத்தில் ஓடுபவர்களைப் பார்த்தால் பதறுகிறது. ஓடி முடித்து எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும், உண்மைதான். ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வியர்ப்பது உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்கிற வேலை, கொழுப்பு உருகுகிற அடையாளம் இல்லை. சென்னைப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும், அதனால் யாரும் இளைத்ததாகக் காணோம். அந்த வெயிலில் ‘பயிற்சி நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது’ என்ற இன்னொரு கட்டுக்கதையையும் சேர்த்துக்கொண்டால் மயக்கம்தான் மிஞ்சும்.

வடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது 100, 120 கலோரி. பூங்கா வாசலில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் தாண்டிவிடும். வடை தின்னாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில் நடக்கிற காரியம். ‘மூணு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கலை’ என்று நடையை நிறுத்துபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். எடை இறங்காமலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரும், தூக்கமும் நன்றாக வரும்.

வலித்தால்தான் பலனா?

ஜனவரி முதல் வாரம் ஜிம்மில் சேர்ந்து, முதல் நாளே ஐம்பது தண்டால் நூறு பஸ்கி எடுத்து, மறுநாள் படியில் உட்கார்ந்து இறங்குபவர்கள் வருடா வருடம் உண்டு. அந்த வலிக்குக் காரணம், கடும் பயிற்சியின்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் என்று ஜிம் மாஸ்டர்களே சொல்வார்கள். அது ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது, பழக்கமில்லாத வேலையில் தசை நார்களில் விழுந்த நுண்ணிய சேதத்தால். தானாக ஆறும். வலிக்கவில்லை என்றால் பயிற்சி வீண் என்று எண்ண வேண்டியதும் இல்லை. ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்றால் ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போவது பற்றி முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வீட்டு வேலை. ‘வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையைச் செய்யாதவர்கள். குனிந்து பெருக்குவதும், பக்கெட் தூக்குவதும், தரையில் உட்கார்ந்து துடைப்பதும் உடம்புக்கு வேலைதான். அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது அப்படி இல்லை. கால் கடுக்கும், இடுப்பு வலிக்கும், இதயத்துக்கு வேலை இருக்காது. அலுப்பு வேறு, பயிற்சி வேறு. 2022 நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். ‘வாக்கிங் போயேன்’ என்று மனைவிக்கு அறிவுரை சொல்வது சுலபம். அந்த அரைமணி நேரம் குக்கர் விசிலை யார் எண்ணுவது என்பதை நானே வெகுநாள் யோசிக்கவில்லை.

முட்டி தேயும் என்ற பயம்

எங்கள் வீட்டில் அதிகக் கெடுதல் செய்தது இந்த ஒன்றுதான். அம்மாவுக்கு 71 வயது. முட்டிவலி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒரே மருந்து: ‘காலுக்கு வேலை கொடுக்காதீங்க.’ அம்மா மாடி ஏறுவதை நிறுத்தினார், கோயிலை நிறுத்தினார், தரையில் உட்காருவதையும் நிறுத்தினார். ஒரு வருடத்தில் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தாமல் எழுந்திருக்க முடியாத நிலை வந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

மூட்டுக்குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது பஞ்சு நீரை உறிஞ்சுவது போல, அசைவில்தான் அதற்கு ஊட்டம் போகிறது. முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. அது மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்குகிறது. இதை எங்களுக்குப் படம் போட்டு விளக்கியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். ஒரு துண்டில் அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டைச் சுற்றிக் கணுக்காலில் கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, ஐந்து எண்ணி, இறக்க வேண்டும். அம்மா என்னைப் பார்த்து, “ஏன்டா, உப்பைக் கட்டி என்னை ஊறப்போடுறீங்களா?” என்றார்.

எடை தூக்குவது வாலிபர்களுக்கும் ஆண்களுக்கும் மட்டும் என்பது அடுத்த தவறு. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்வலுப் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவர்களுடைய கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. டம்பிள்ஸ் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்று பயப்படும் பெண்கள் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பார்க்கலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது அவர் போட்டியிட்டது 49 கிலோ பிரிவில். தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பது 150 நிமிஷ நடைக்கு மேலே, தனியாக. வாக்கிங் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கோட்டை விடுவது இதைத்தான். ஜிம் கட்டாயமில்லை, சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில் என்று வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

அம்மாவுக்கு உப்புப் பாக்கெட் அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ ஆக மூன்று மாதம் பிடித்தது. வலி முழுதும் போகவில்லை, ஆனால் கோயிலுக்குப் போய் வருகிறார். இப்போது சீரியலில் விளம்பரம் வந்தால், கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறார். போன வாரம் நானும் பக்கத்து நாற்காலியில் சேர்ந்துகொண்டேன். விளம்பரம் முடிந்து சீரியல் தொடங்கியபோது அம்மா பன்னிரண்டில் இருந்தார். எனக்கு எட்டிலேயே மூச்சு வாங்கியது.